ஏலம் முடிந்தது, பணம் எப்போது வரும்? இணைய ஏலத்தில் புதிதாக விற்பவர்களுக்கு

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் பழைய ரேடியோ, ஃபிலிம் கேமரா, இசைத்தட்டு, அஞ்சல் தலை ஆல்பம் என்று தேடி எடுத்து, துடைத்துப் படம் பிடித்து, வாட்ஸ்ஆப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ இபேயிலோ ஏலம் விடுகிறவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். புதிதாக இறங்குபவர்கள் என்னிடம் முதலில் விலையைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து அநேகமாக இதைத்தான் கேட்பார்கள்: "ஏலம் எடுத்தவரு பணம் போடவே மாட்டேங்கிறாரு, இப்ப என்ன பண்றது?"

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் உங்கள் அலமாரியில் இருக்கும்வரை, பணம் தாமதமாவதால் பொருள் நஷ்டம் எதுவும் இல்லை. கைவிட்டுப் போவது வேறு: உங்கள் பொருளை உண்மையிலேயே விரும்பி, ஒரு படி குறைவாகக் கேட்டுத் தோற்றுப்போன அந்த இரண்டாம் கேள்விக்காரர். ஏலம் முடிந்த மறுநாள் கேட்டால் அவர் சந்தோஷமாக வாங்குவார். பத்து நாள் கழித்துக் கேட்டால் அந்தப் பணத்தில் வேறு எதையாவது வாங்கியிருப்பார். அதனால் கெடு, நினைவூட்டல், ரத்து எல்லாவற்றையும் அவருடைய ஆர்வம் ஆறுவதற்குள் முடிகிற மாதிரி அமைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

ஏலம் தொடங்கும் முன்பு

நிபந்தனைகளை ஏலப் பதிவிலேயே எழுதுங்கள். குழுவின் பொது விதிகளில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், அதை யாரும் மேலே போய்ப் படிப்பதில்லை. நீளமாகவும் வேண்டாம். இவ்வளவு போதும் ('லாட்' என்றால் ஏலத்துக்கு வைத்த பொருள், 14 அதன் எண்; 'கேள்வி' என்றால் ஏலத்தில் ஒருவர் கேட்கும் விலை):

"லாட் 14. தொடக்க விலை ரூ.500. ஒவ்வொரு கேள்வியும் குறைந்தது ரூ.50 கூட்டி. ஏலம் முடிவு: சனிக்கிழமை இரவு 9 மணி. அஞ்சல் செலவு தனி. பணம் செலுத்தக் கடைசி நேரம்: திங்கள் இரவு 9 மணி. அதற்குள் வராவிட்டால் அவருடைய கேள்விகள் நீக்கப்பட்டு, பொருள் அடுத்தவருக்கோ மறு ஏலத்துக்கோ போகும். பணம் வந்த பிறகே பார்சல்."

'48 மணி நேரத்துக்குள்' என்று எழுதாமல் 'திங்கள் இரவு 9 மணி' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மணிக்கணக்கை எங்கிருந்து எண்ணுவது என்பதில் தகராறு வரும். கிழமையும் மணியும் போட்டுவிட்டால் வராது. 'உடனே பணம் செலுத்தவும்' என்பதும் பயனில்லாத வரி. ஒருவருக்கு உடனே என்றால் இன்றிரவு, இன்னொருவருக்கு இந்த மாதம்.

அஞ்சல் செலவையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பணம் தாமதமாவதற்கு நான் பார்த்த காரணங்களில் கணிசமான பங்கு இதற்கு உண்டு. ஏலம் முடிந்த பிறகு "போஸ்டேஜ் எவ்வளவு சார்?" என்று அவர் கேட்பார். நீங்கள் பார்சலைக் கட்டி, எடை பார்த்து, ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்தில் விசாரித்துப் பதில் சொல்வதற்குள் ஒன்றரை நாள் போய்விடும். அந்தத் தாமதம் உங்களுடையது, அவருடையது அல்ல. இசைத்தட்டு, ரேடியோ மாதிரியான கனமான பொருளை ஏலம் விடும் முன்பே கட்டி எடைபோட்டு, தமிழ்நாடு, புதுச்சேரிக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு என்று இரண்டு தொகையைப் பதிவிலேயே போட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. பழைய பதிவுத் தபால் கட்டணத்தை நினைவில் வைத்து அஞ்சல் செலவு சொல்லிவிடாதீர்கள்.

எந்த நாளில், எந்த நேரத்தில்

மாதக் கடைசியில் ஏலம் விட்டால் பணம் மாத முதலில்தான் வரும். கேட்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். 25ஆம் தேதிக்கு மேல் ஆசையில் கேட்டுவிட்டு, ஒன்றாம் தேதி வரை இழுப்பார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, கையில் இல்லை, அவ்வளவுதான். 1ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதிக்குள் முடிகிற மாதிரி ஏலம் வைத்தால் நினைவூட்ட வேண்டிய வேலையே பாதியாகக் குறையும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தையும் பள்ளிக் கட்டணம் கட்டுகிற ஜூன் மாதத்தையும் விலை உயர்ந்த பொருளுக்குத் தவிர்ப்பது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை இரவு 9 மணி நம் ஊர்க் குழுக்களுக்குச் சரி. ஏலம் முடிந்ததும் அவர் கையில் போன் இருக்கும், உங்கள் கையிலும் இருக்கும். நள்ளிரவு 12 மணிக்கு முடியும் ஏலத்தில் வென்றவர் காலையில் எழுந்து வேலைக்கு ஓடிவிடுவார்.

முதல் ஒரு மணி நேரம்

ஏலம் முடிந்ததும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலாவது, குழுவில் எல்லாரும் பார்க்கும்படி, "லாட் 14 ஏலம் முடிந்தது. ரூ.2,400. எடுத்தவர்: இன்னார். நன்றி" என்று அறிவிப்பது. இது வெறும் மரியாதைக்கு அல்ல. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64, ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும்போதுதான் ஏல விற்பனை முழுமையடைகிறது என்கிறது. அதுவரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். உங்கள் அறிவிப்புதான் அந்தச் சுத்தியல்.

இரண்டாவது, அவருக்குத் தனிச் செய்தியில் பில். பெரிய விற்பனையாளர் மாதிரி அச்சடித்த பில் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். லாட் 14 உங்களுக்கு. ஏலத் தொகை ரூ.2,400, ஸ்பீட் போஸ்ட் ரூ.150, மொத்தம் ரூ.2,550. யூபிஐ எண் கீழே. திங்கள் இரவு 9 மணிக்குள் அனுப்பிவிட்டு, பின்கோடுடன் முழு முகவரியும் போன் எண்ணும் அனுப்புங்கள். செவ்வாய் காலை அஞ்சலகத்தில் போட்டுவிடுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பணம் போட்டால் பொருள் எப்போது கிளம்பும் என்று தெரிந்தவர் சீக்கிரம் பணம் போடுகிறார். உங்களை முன்பின் தெரியாத ஒருவர் 2,550 ரூபாயை முன்கூட்டியே அனுப்புகிறார் என்பதை மறக்க வேண்டாம். அவருக்கும் பயம் இருக்கும். முதல் முறை வாங்குபவர் தயங்குவது போலத் தெரிந்தால், கட்டிவைத்த பார்சலைப் படம் எடுத்து அனுப்புங்கள். கூடுதலாகக் கெஞ்சவோ அதட்டவோ வேண்டியிருக்காது.

நினைவூட்டல்

மூன்றுக்கு மேல் வேண்டாம். கெடுவுக்கு ஒரு நாள் முன்பு ஒன்று, கெடு முடிகிற மாலை ஒன்று, கெடு தாண்டியதும் ஒன்று. நடுவில் 'ஹலோ', 'சார் இருக்கீங்களா' என்று கேள்விக்குறி போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தால் உங்கள் செய்திக்கு மதிப்பு போய்விடும். நேரடி போன் அழைப்பை இரண்டாவது நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் ஆள் ஆஸ்பத்திரியிலோ துக்க வீட்டிலோ இருப்பார். குரலைக் கேட்டால்தான் தெரியும்.

முதல் நினைவூட்டலில் குற்றம் சாட்டும் தொனியே இருக்கக் கூடாது, கெடு இன்னும் முடியவில்லையே. "சார், லாட் 14க்கு நாளை இரவு 9 மணி கடைசி. யூபிஐயில் ஏதாவது சிக்கல் என்றால் சொல்லுங்கள், வங்கிக் கணக்கு எண் தருகிறேன்." இதில் அவருக்கு ஒரு வழியும் காட்டிவிடுகிறோம். பலருக்கு யூபிஐயின் அன்றாட வரம்பு முடிந்திருக்கும், அல்லது வங்கிச் செயலி தகராறு செய்யும். வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ், நெஃப்ட் முறைகள் இரண்டுமே எல்லா நாளும் இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகின்றன. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பேங்க் லீவு" என்பது இப்போது காரணமே இல்லை. நெஃப்டில் நேரக் கட்டுப்பாடு 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது செய்தி வேறு வகை. அதில் கட்டாயம் இருக்க வேண்டியது: இன்ன நேரத்துக்குள் பணம் வராவிட்டால் பொருளை மற்றவருக்கு விற்றுவிடுவேன் என்ற தெளிவான அறிவிப்பு. "சார், கெடு முடிந்துவிட்டது. நாளை மதியம் 12 மணி வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன். அதற்குள் பணம் வராவிட்டால் லாட் 14ஐ வேறு ஒருவருக்கு விற்றுவிடுவேன்." இதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. அதே 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46, 47 பிரிவுகள், விலை வராத விற்பனையாளர் பொருளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கின்றன. 54ஆம் பிரிவு, மறுவிற்பனை செய்யப்போவதாக அறிவித்து, நியாயமான அவகாசம் தந்தும் பணம் வராவிட்டால், வேறு ஒருவருக்கு விற்கலாம் என்கிறது. அறிவித்துவிட்டு விற்றால், கூடுதல் விலை கிடைத்தாலும் அந்த லாபத்தில் முதலில் ஏலம் எடுத்தவருக்குப் பங்கில்லை. அறிவிக்காமல் விற்றால் நிலைமை தலைகீழ்: நஷ்டத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை, லாபத்தை அவர் கேட்கலாம். இரண்டாயிரம் ரூபாய் இசைத்தட்டுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள்தான். ஆனால் "எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம வித்துட்டாரு" என்று குழுவில் ஒருவர் எழுதினால், நீங்கள் அனுப்பிய அந்த மூன்றாவது செய்திதான் உங்கள் பெயரைக் காப்பாற்றும்.

அவர்கள் சொல்லும் காரணங்களும் நீங்கள் சொல்ல வேண்டிய பதில்களும்

தாமதமாகப் பணம் தருபவர்கள் எல்லாரும் ஒரே ரகம் அல்ல. ஒரே பதிலைக் கொடுத்தால் நல்ல வாடிக்கையாளரை இழப்பீர்கள், அல்லது வெறும் பேச்சுக்காரரிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

"சம்பளம் வந்ததும் போட்டுடறேன் சார்" என்று தேதியோடு சொல்பவர் நல்லவர். தேதியைக் கேட்டு வாங்குங்கள், பத்து நாளைக்குள் இருந்தால் சம்மதியுங்கள். கூடவே ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கேளுங்கள், நாலில் ஒரு பங்கு போதும். தருகிறவர் கட்டாயம் வாங்குவார். தர மறுப்பவரிடம் தேதிக்கு மதிப்பில்லை. அந்த முன்பணம் பிறகு என்னவாகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வியாபாரம் முறிந்தால் திருப்பித் தருவதே என் வழக்கம். சொற்பத் தொகைக்காக ஒரு பகையைச் சம்பாதிப்பது எனக்கு உவப்பில்லை.

"அடுத்த வாரம் இன்னும் ரெண்டு லாட் எடுக்கப்போறேன், எல்லாத்தையும் சேத்து அனுப்பிடுங்க." இதுதான் புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம். கேட்பதில் நியாயம் இருக்கிறது, அஞ்சல் செலவு மிச்சமாகும். ஆனால் சேர்த்து அனுப்புவதும் சேர்த்துப் பணம் தருவதும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்துவிடுங்கள்: "தாராளமா சார். ஏலத் தொகையை மட்டும் இப்ப அனுப்பிடுங்க, பொருளை உங்க பேர் எழுதித் தனியா வச்சிடறேன். போஸ்டேஜ் கடைசில ஒரே தடவையா குடுத்தா போதும்." இதை ஏற்றுக்கொள்பவர் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர் ஆகிவிடுவார். ஏற்காமல் நாலு வாரம் லாட்டுகளைக் குவித்துக்கொண்டே போகிறவர், கடைசியில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பார். அவர் விட்டுவிடும் பாதி எது என்று உங்களுக்கே தெரியும்.

"கடலூர்லதான் சார் இருக்கேன், நேர்ல வந்து காசு குடுத்து வாங்கிக்கறேன்." பக்கத்து ஊர்க்காரர் என்பதால் நமக்கும் மகிழ்ச்சி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதாலேயே இன்று, நாளை, வரும் ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போகும். நேரில் வருபவருக்கும் கெடு அதேதான் என்று சொல்லுங்கள். திங்கள் இரவுக்குள் யூபிஐயில் பணம், பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துச் செல்லட்டும். பொருளை நேரில் பார்த்த பிறகே பணம் தருவேன் என்றால், ஒரு நாளும் நேரமும் குறித்துப் புதிய பேருந்து நிலையம் மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள்.

"செக் அனுப்பறேன்" என்றால், பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே பார்சல். திரும்பிவிட்டால் 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவுப்படி 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதன் பிறகு அவருக்கு 15 நாள் அவகாசம் என்று ஒரு நீண்ட பாதை இருக்கிறது. சின்னத் தொகைக்கு அந்தப் பாதையில் இறங்காமல் இருப்பதே மேல்.

"வீட்டுல பையன் தெரியாம கேட்டுட்டான்", "கை தவறி ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன்." முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் நம்புங்கள். விட்டுவிடுங்கள், இரண்டாம் கேள்விக்காரரிடம் போங்கள். மூன்றாம் நாள் சொன்னாலும் விட்டுவிடத்தான் வேண்டும், ஆனால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லாதவரை வற்புறுத்திப் பணம் வாங்கினால், பார்சல் போய்ச் சேர்ந்ததும் கீறல் இருக்கிறது, சத்தம் சரியில்லை என்று திரும்பி வரும்.

பதிலே இல்லாமல் நீல டிக் மட்டும் விழுகிறதா? காத்திருக்க வேண்டியதில்லை. கெடு முடிந்ததும் மூன்றாவது செய்தி, பிறகு ரத்து.

பணம் வந்துவிட்டது என்று அவர் சொல்லும்போது

தாமதமான பணத்துக்காகக் காத்துக் காத்து அலுத்திருக்கும்போதுதான் ஏமாறுவது எளிது. ஸ்கிரீன்ஷாட் பணம் அல்ல. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் செயலிகள் இருக்கின்றன. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள், வந்த தொகையையும் 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண்ணையும் ஒப்பிடுங்கள். வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தியைக் கூட நம்ப வேண்டாம், அதையும் போலியாக அனுப்புகிறார்கள்.

"பணம் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண் போடவும் வேண்டாம். தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும் இதே குடும்பம்தான். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்கி நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் கேள்விக்காரரிடம் போவது

இதில் அவசரப்பட்டால் சந்தேகம் வரும். நடந்ததை அவர் இப்படி நினைப்பார்: "இவரே ஆள் வச்சு விலையை ஏத்திட்டு, இப்ப நம்ம தலைல கட்டறாரு." அப்படி நடப்பதும் உண்டு என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. விற்பவர் போலிக் கேள்வி வைத்து விலை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையையே செல்லாது என்று ஒதுக்கலாம் என்று 64ஆம் பிரிவே சொல்கிறது.

சந்தேகத்தைப் போக்க ஒரே நேர்மையான வழி விலையில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். லாட் 14ஐ மூன்று பேர் கேட்டார்கள். மூன்றாமவர் 1,400இல் நின்றுவிட்டார். மற்ற இருவரும் போட்டிபோட்டு ஏற்றினார்கள், இரண்டாமவர் 2,350 வரை வந்தார், முதலாமவர் 2,400க்கு எடுத்துவிட்டுப் பணம் தரவில்லை. அந்த முதலாமவர் ஏலத்தில் இல்லாமலே இருந்திருந்தால் இரண்டாமவர் எவ்வளவுக்கு வாங்கியிருப்பார்? 1,450க்கு. 2,350 என்பது அவர் வாயால் சொன்ன தொகைதான் என்றாலும், பணம் தராத ஒருவரோடு மோதி ஏறிய தொகை அது.

வாராவாரம் அதே முகங்களைப் பார்க்கும் குழுவில், தவறியவரின் கேள்விகளை நீக்கிவிட்டு 1,450க்கே தருவதுதான் சரி என்பது என் கருத்து. 900 ரூபாய் குறைகிறதே என்று தோன்றும். ஆனால் இந்த விதியை ஏலப் பதிவிலேயே எழுதிவைத்துவிட்டால், போலிக் கேள்வியால் உங்களுக்கு ஒரு பைசா லாபமும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு உங்கள் ஏலத்தில் ஜனம் துணிந்து கேட்கும். 1,450க்குக் கொடுக்க மனம் வரவில்லை என்றால் இரண்டாமவரிடம் போகாமல் நேரே மறு ஏலத்துக்குப் போங்கள். 2,350 தான் என்று அவரிடம் நிற்காதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு, கவனமாகப் பார்க்க வேண்டியது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. ஒருவர் 600 கேட்பார், உடனே இன்னொருவர் ஒரே தாவாக 5,000 கேட்பார். மற்றவர்கள் மிரண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஏலம் முடிந்ததும் 5,000காரர் காணாமல் போவார், விதிப்படி பொருள் 600காரருக்கு அடிமாட்டு விலையில் போகும். கடைசிக் கேள்விக்கும் அதற்கு முந்தைய கேள்விக்கும் நடுவே காரணமில்லாத பெரிய இடைவெளி தெரிந்தால் இரண்டாமவரைக் கேட்கவே வேண்டாம். இந்த உரிமையை நிபந்தனையில் 'அடுத்தவருக்கோ மறு ஏலத்துக்கோ' என்ற சொற்களால் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள்.

கேட்கும்போது உண்மையை அப்படியே சொல்லுங்கள். "வணக்கம் அண்ணா. லாட் 14 எடுத்தவர் பணம் செலுத்தவில்லை. அவர் கேள்விகளை எடுத்துவிட்டால் உங்களுக்கு 1,450 வருகிறது. விருப்பம் இருந்தால் நாளை இரவுக்குள் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை." தவறியவரின் பெயரையோ எண்ணையோ இதில் சேர்க்க வேண்டாம்.

இபேயில் விற்பவர்களுக்கு

இபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இங்கிருந்து இபேயில் விற்பது என்றால் இப்போது வெளிநாட்டுக்கு விற்பது. அதற்கு ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவை. இன்னொன்று, புதுச்சேரிக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம், சிற்பம், கலைப்பொருள்களையும் 75 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணங்களையும் நம் இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பிரெஞ்சுக் காலத்துப் பத்திரமோ கடிதமோ தாத்தா பெட்டியில் கிடைத்தால் அதை இபேயில் போடும் முன் நிதானியுங்கள்.

அங்கே தாமதத்துக்கான விதி தெளிவாகவே இருக்கிறது. ஏலம் எடுத்தவருக்குப் பணம் செலுத்த 4 நாள். ஐந்தாம் நாளிலிருந்து நீங்கள் ரத்து செய்யலாம், விற்பனையிலிருந்து 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும். ரத்து செய்யும்போது காரணம் கேட்கும், அங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். 'வாங்குபவர் பணம் செலுத்தவில்லை' என்பதையே தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் கட்டணம் உங்களுக்குத் திரும்ப வரும், அவர் கணக்கிலும் பதிவாகும். இரக்கப்பட்டோ குழம்பியோ 'பொருள் கைவசம் இல்லை' என்று போட்டால் அது உங்கள் கணக்கில் குறையாக ஏறும். விரும்பினால் கெடு முடிந்ததும் தானாக ரத்தாகும்படி அமைப்புகளில் வைக்கலாம். தொடங்கும் காலத்தில் கையால் செய்வதையே நான் சொல்வேன். ஐந்தாம் நாள் காலையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பணம் போடுகிறவர்கள் உண்டு, அவர்கள் சண்டைக்காரர்கள் அல்ல.

நேர வித்தியாசத்தையும் நினையுங்கள். நமக்கு இரவு 9 மணி என்றால் பாரீஸில் கோடைக்காலத்தில் மாலை 5.30, நியூயார்க்கில் காலை 11.30. இந்த ஊர்ப் பொருளை பிரான்சிலிருந்து கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் ஏலம் முடிவது உங்களுக்கு வசதி.

இபேயில் இரண்டாம் கேள்விக்காரருக்கு வாய்ப்புத் தரத் தனி வசதியே உண்டு. ஏலம் முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம். 60 நாள் இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள், ஐந்தாம் நாளே அனுப்புங்கள். அங்கே அவர் கேட்ட உச்சத் தொகையே விலையாகப் போகும், நம் குழுக் கணக்கு அங்கே பொருந்தாது. விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர 2008 முதல் வழியில்லை. அதற்குப் பதிலாக, ஏற்கெனவே பணம் தராமல் ரத்தானவர்கள் உங்கள் ஏலத்தில் கேட்க முடியாதபடி வாங்குபவர் நிபந்தனைகளில் தடை வைக்கலாம். முதல் பொருளைப் பட்டியலிடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். "இபேக்கு வெளியே அனுப்பறேன், கட்டணம் மிச்சம்" என்பவரிடம் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

ரத்துக்குப் பிறகு

தவறியவரின் பெயர், லாட் எண், தேதி, அவர் சொன்ன காரணம், நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டு உங்களுக்கு ஆட்களை அடையாளம் காட்டும். ஒரு முறை தவறியவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, கேட்கும் முன் முன்பணம் என்ற நிபந்தனையோடு. இரண்டு முறை தவறியவரின் கேள்வியை ஏற்க வேண்டாம்.

குழுவின் அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள். பொதுவில் அவர் படத்தையும் போன் எண்ணையும் முகவரியையும் போட்டு 'ஏமாற்றுப் பேர்வழி' என்று எழுதாதீர்கள். பணம் தராதது ஒப்பந்த மீறல். அதை ஏமாற்று என்று ஊரறிய எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம். முகவரியை அவர் பார்சலுக்காகத்தான் உங்களிடம் நம்பித் தந்தார்.

பணம் வரும் முன் பொருளை அனுப்பிவிட்டு மாட்டிக்கொண்டவர்களின் நிலை வேறு. ஏல அறிவிப்பு, பில், அவர் சம்மதித்த செய்தி, அஞ்சல் ரசீது, டெலிவரி ஆன விவரம் ஆகியவற்றைப் படமெடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். அழித்துவிட வேண்டாம், பொருளின் விலையைக் கேட்டு வழக்குத் தொடுக்கக் காலவரம்பு மூன்று ஆண்டு. முதலில் எழுத்தில் ஒரு நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100ஐ அழைத்து, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அதற்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எதிர்த் தரப்பு வந்து உட்கார்ந்து பேசினால்தான் பலன் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

மறு ஏலத்தை அடுத்த வாரமே வைக்க வேண்டாம். அதே படத்தோடு அதே பொருள் திரும்ப வந்தால், ஏதோ குறை இருக்கிறது போல என்று நினைப்பார்கள். மூன்று, நாலு வாரம் விடுங்கள். படத்தைப் புதிதாக எடுங்கள், ரேடியோ என்றால் பாடுவதைக் காட்டும் ஒரு சிறு வீடியோ சேருங்கள். "முந்தைய ஏலத்தில் பணம் வராததால் மீண்டும்" என்று ஒரு வரி போதும், அதற்கு மேல் கதை வேண்டாம். தொடக்க விலையை 2,400இலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அந்த விலை கற்பனை என்று நிரூபணமாகிவிட்டது. பழைய 500க்கே வையுங்கள். போன முறை 1,400 வரை வந்த அந்த மூன்றாமவருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்பி, எப்போது ஏலம் என்று சொல்லிவிடுங்கள்.